இடது கைச் சுண்டுவிரல்

1

போன வாரம் அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. போர்ட் பிளேரில் திதி கொடுப்பதென்றால் எள் கிடைக்க வேண்டும், தர்ப்பை கிடைக்க வேண்டும், இருக்கிற ஒரே குருக்களுக்கு அன்றைக்கு வேறு ஜோலி இருக்கக் கூடாது. எள்ளும் தர்ப்பையும் மெட்ராஸ் கப்பலில் வந்தால்தான் உண்டு. கப்பலோ இந்தத் தடவை நான்கு நாள் தாமதம். அபர்டீன் பஜாரில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, ஒரு தூத்துக்குடிக்காரர் மளிகையில் எள் வாங்கினேன். தர்ப்பைக்குப் பதிலாகக் குருக்கள் ஏதோ ஒரு புல்லைப் பிடுங்கி வந்து, "இதுவும் அந்த வகைதான், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சரி.

கடற்கரையில் உட்கார்ந்து அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர் மூன்றும் சொல்லி முடித்தேன். குருக்கள், "வேற யாராவது இருக்காளா? பெரியப்பா, சித்தப்பா, பிள்ளை இல்லாமப் போனவா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் ஒரு பெயரைச் சொன்னேன். ஆறுமுகம்.

அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஊரில் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

2

நான் இந்தத் தீவுக்கு வந்து பதின்மூன்று வருஷமாகிறது. டெலானிபூர் மேட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். தகரக் கூரை. வருஷத்தில் ஏழெட்டு மாதம் மழை அதன்மேல் கொட்டுகிற சத்தத்தில், வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட வேண்டியிருக்கும். செருப்பைத் தட்டிப் பார்க்காமல் காலை விட்டால் ஒரு சாண் நீளப் பூரான் உள்ளே படுத்திருக்கும். ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் இன்னமும், "அந்தமான் ஜெயிலுக்குப் பக்கத்திலா இருக்கிறாய்? காட்டுமனுஷர்கள் தொந்தரவு உண்டா?" என்றுதான் விசாரிப்பு. முதல் இரண்டு வருஷம் பொறுமையாகப் பதில் எழுதினேன். பிறகு, "உண்டு, தினமும் காலையில் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்" என்று எழுதினேன். மைத்துனர் அதையும் நம்பினார்.

என் வேலை நகல் எழுதுவது. பழைய நில உத்தரவு, பிறப்பு, இறப்பு என்று யார் மனுப் போட்டாலும், பதிவேட்டில் இருக்கிறதைப் பார்த்து எழுதி, அடியில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். எங்கள் ஹெட் கிளார்க் பிஸ்வாஸ் பாபு கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தவர். நான் சேர்ந்த முதல் நாளே ஒரு விதி சொன்னார். "ஜைசா ஹை, வைசா லிக்கோ." இருப்பதை இருக்கிறபடி எழுது. மூலத்தில் பிழை இருந்தால் நகலிலும் அந்தப் பிழை இருக்க வேண்டும். திருத்துவது உன் வேலை இல்லை. இத்தனை வருஷமாக நான் அந்த விதியை மீறியதில்லை. ஆபீஸில் மீறியதில்லை என்று சொல்ல வேண்டும்.

பெரியவன் மெட்ராஸில் படிக்கிறான். சின்னவள் வள்ளி இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டு வயசு. அவள் ஹிந்தி கலந்து தமிழ் பேசினால் என் மனைவி பார்வதி தலையில் அடித்துக்கொள்வாள். "அப்பா, நான் ஸ்கூல் ஜாக்கே வந்து ஹோம்வர்க் பண்றேன்" என்பாள். எழுதத் தெரியாது, எழுத்துக்கூட்டி வாசிப்பாள். தாத்தாவை அவள் ஒரே ஒரு தடவை, நான்கு வயதில் பார்த்திருக்கிறாள். அவரிடமிருந்து கார்டு வந்தால் மட்டும் ஓடி வந்து வாங்கி, முதல் வரியைப் படித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிடுவாள். முதல் வரி எப்போதும் ஒன்றுதான். 'சிரஞ்சீவி வள்ளி சௌக்கியமா?'

3

இரண்டு வருஷம் முன்பு மழை தொடங்கிய சமயம் அப்பாவிடமிருந்து ஒரு நீளமான கடிதம் வந்தது. அவருக்கு அப்போது எண்பத்தைந்து தாண்டியிருந்தது. நான் கடைசிப் பிள்ளை. கை நடுக்கத்தினால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. விஷயம் இதுதான்: தன் பெரியப்பா ஆறுமுகம் அந்தமானில் எப்போது இறந்தார் என்று பார்த்து எழுத வேண்டும். திதி தெரியாமல் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் தண்ணீர் இறைத்தே காலம் போய்விட்டது. கண் மூடுவதற்குள் ஒரு தடவையாவது சரியான திதியில் செய்ய ஆசை.

எங்கள் வீட்டில் ஒருவர் தீவாந்தரம் போனார் என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் தகராறில் ஒரு கொலை. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் நின்ற இடத்தில் அண்ணன் மட்டும் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கிப் போனார். அந்தத் தம்பி என் தாத்தா. அப்பா பிறந்ததே பெரியப்பா கப்பல் ஏறிய பிறகு.

பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. அப்படிக் காணாமல் போனவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தர்ப்பையிலும் வைக்கோலிலும் ஓர் உருவம் செய்து, பாடையில் வைத்து, சுடுகாட்டில் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் வரை ஒன்று விடாமல் நடக்கும். ஆறுமுகத்துக்கும் நடந்தது. அவருடைய மனைவி தாலியை அறுத்தார். அப்படி எரிக்கப்பட்டவன் பிற்பாடு உயிரோடு வந்தாலும் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. ஊர்க் கணக்கில் அவன் பிணம்.

இதற்குப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பரதேசி எங்கள் தெருமுனைக்கு வந்தானாம். இதை எனக்குச் சொன்னது அம்மா. அம்மா அப்போது புதுசாகக் கல்யாணமாகி வந்த சிறு பெண். "நாந்தான் ஆறுமுகம்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தான்ல. தெருக் கதவெல்லாம் அடைச்சுட்டாவ. ஒங்க தாத்தா வெளிய வரவே இல்ல. அப்பாவக் கூப்புட்டு, போயி அவன எல்லைக்கு வெளிய விட்டுட்டு வான்னாவ. அப்பா போயி, எங்க பெரியப்பாவுக்குக் கருமாதி முடிஞ்சு வருசமாச்சுன்னு சொல்லி, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்தாவ. தோள்ல கெடந்த துண்டு இல்லாம வந்தாவ. அதுக்கும் தாத்தாட்ட ஏச்சு." அம்மா இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஆகவே அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவுக்கு வேண்டியது திதி இல்லை. வந்தவன் வெறும் பரதேசிதான், பெரியப்பா அதற்கு முன்பே அந்தமானில் செத்துவிட்டார் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும். அது கிடைத்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார். இப்படித்தான் நான் படித்தேன். ஒரு வருஷமாக அந்தப் படிப்பைத்தான் நொந்துகொண்டிருக்கிறேன்.

4

பழைய கைதிப் பதிவேடுகளில் யுத்த காலத்தில் எரிந்தது போக, கரையான் தின்றது போக மிச்சம் இருந்தவை, ஓர் ஒழுகுகிற கொட்டகையில் சாக்கில் கட்டிக் கிடந்தன. பிஸ்வாஸ் பாபுவிடம் அனுமதி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அப்பா எங்கே செத்தார், எரித்தார்களா புதைத்தார்களா என்றே எனக்குத் தெரியாது. உனக்குத் தேடுவதற்குக் காகிதமாவது இருக்கிறதே. போ, தேடு" என்றார். சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் ஒரு மணி நேரம் என்று பேச்சு.

மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு கட்டையும் பிரித்தால் பூஞ்சணம் மூக்கில் ஏறும், இரண்டு நாள் தும்மல். பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய துரைக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே ஊர். பாதிப்பேருக்கு ஊர் என்ற இடத்தில் 'மெட்ராஸ்' என்று மட்டும் இருந்தது. வயது, உயரம், குற்றம், உடம்பில் அடையாளம், பிறகு குறிப்பு. கொள்ளை, கொலை, கொலை, வீடு எரித்தது, கொலை. குறிப்புப் பத்தியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருந்தது. காய்ச்சலில் இறந்தான், வயிற்றுப்போக்கில் இறந்தான், தூக்கிலிடப்பட்டான், காட்டுக்குள் ஓடினான், திரும்பவில்லை. முதல் வாரம் ஒவ்வொரு வரிக்கும் மனசு கனத்தது. இரண்டாவது மாதம் விரலை வைத்து வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். மனுஷனுக்கு எதுவும் பழகிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் கிடைத்தார். ஆறுமுகம், தகப்பனார் பெயர் சரி, தாலுகா சரி, எங்கள் கிராமத்தின் பெயரே கோணல்மாணலாக இருந்தது. வயது இருபத்தேழு. அடையாளம்: இடது கைச் சுண்டுவிரல் இல்லை.

குறிப்புப் பத்தி பக்கத்தின் ஓரம் வரை போய் அடுத்த தாளில் தொடர்ந்தது. இருபத்து மூன்று வருஷம் கழித்து நன்னடத்தைக்காக விடுதலை. மெட்ராஸ் கப்பலில் அனுப்பப்பட்டான். அதன்கீழ் வேறொரு கையெழுத்து, சிவப்பு மை: மறு வருஷம் தானாகவே மனுச் செய்து திரும்பி வந்தான். சொந்த ஊரில் உறவினர் ஏற்கவில்லை என்கிறான். குடியிருக்க அனுமதிக்கப்பட்டது. அதற்கும் கீழே, பதினான்கு வருஷம் கழித்து, இறந்த தேதி.

கப்பல் புறப்பட்ட வருஷத்தை அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்தோடு வைத்துப் பார்த்தேன். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. வந்தவர் அவரேதான். யோசித்துப் பாருங்கள், இருபத்து மூன்று வருஷம் இந்தத் தீவிலிருந்து தப்பிக்கத் துடித்த மனுஷர், ஊரைப் பார்த்துவிட்டு, 'என்னை மறுபடியும் அந்தமானுக்கே அனுப்புங்கள்' என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

5

பிஸ்வாஸ் பாபுதான், பெரார்கஞ்சில் ஒரு கிழவர் இருக்கிறார், கைதிகள் குடும்பத்தில் இங்கேயே பிறந்தவர், பழைய ஆட்களை அவருக்குத் தெரியும் என்றார். ராம்சரண் சாச்சா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வள்ளியையும் கூட்டிக்கொண்டேன். என் ஆபீஸ் ஹிந்தி பல் போன கிழவர்களிடம் செல்லாது.

வயல் ஓரத்தில், பாக்கு மரங்களுக்கு நடுவே வீடு. சாச்சா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். ஆறுமுகம் என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை. இடது கையைத் தூக்கிச் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மதராசி பாபா!" என்றார்.

பிறகு அவர் பேசப் பேச வள்ளி எனக்குச் சொன்னாள். சாச்சாவின் அப்பாவும் பாபாவும் ஒரே கும்பலில் மரம் வெட்டியவர்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு பாபா அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னபோது, 'ஊரில் என் மனைவி விதவையாக இருக்கிறாள்' என்று சொல்லி மறுத்துவிட்டார். பாபா சாகும்போது சாச்சாவுக்குப் பன்னிரண்டு வயது.

"நாங்க குழந்தைங்க எல்லாம் அவர் கையைப் பிடிச்சு, விரல் எங்கே பாபான்னு கேப்போமாம், அப்பா," என்று வள்ளி சொல்லிக்கொண்டே வந்தாள். "அவர் என்ன சொல்வாராம்னா, இந்தக் கையை முல்க்ல, அதான் ஊர்ல, கடைசியா பிடிச்சது என் தம்பி பையன். எல்லாரும் தர்வாஜா மூடிட்டாங்க. அவன் மட்டும் கை பிடிச்சு கூட்டிட்டு வந்தான். வழியில ஒண்ணும் பேசல. எல்லை வந்ததும், வெயில் ஜாஸ்தின்னு, அவனோட துண்டை எடுத்து என் தலையில போட்டான். அச்சா லட்கா தா, நல்ல பையன்னு சொல்வாராம். அந்தத் துண்டு சாகற வரைக்கும் வச்சிருந்தாராம். அதுலயேதான் சுத்தி எரிச்சாங்களாம்."

அம்மா சொன்ன துண்டு. தாத்தா ஏசின துண்டு.

"அந்த லட்கா யாருப்பா?" என்று வள்ளி கேட்டாள்.

"உங்க தாத்தா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சாச்சாவிடம் திரும்பி அவசர அவசரமாக ஏதோ சொன்னாள். கிழவர் அவள் தலையில் கை வைத்து, என்னையும் பார்த்துச் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அப்பா, தாத்தாவுக்கு இதை உடனே சிட்டி எழுதிப் போடுங்க. ரொம்ப குஷி ஆவார்" என்றாள்.

பத்து வயசுப் பெண்ணுக்குப் புரிந்தது இது. நான், பெரிய மனுஷன், வேறு கணக்குப் போட்டேன். எண்பத்தைந்து வயசுக் கிழவரிடம், 'நீங்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விரட்டியது உங்கள் சொந்தப் பெரியப்பாவைத்தான்' என்று எப்படி எழுதுவது? நெஞ்சு வலி வேறு இருக்கிறது. படித்த அன்றைக்கே போய்விட்டால்?

6

பொய் சொல்லவும் ஒரு நகல் வேண்டியிருந்தது எனக்கு. பதிவேட்டில் பெரிய தாத்தா ஆறுமுகத்துக்கு அடுத்த வரியில் தென்னாற்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். வந்த மூன்றாவது வருஷமே காய்ச்சலில் இறந்தவர். அவருடைய தேதியை எடுத்துக்கொண்டேன். 'பெரிய தாத்தா இங்கே வந்த மூன்றாம் வருஷமே காய்ச்சல் கண்டு சிவலோகப் பிராப்தி அடைந்துவிட்டார். அரசாங்கப் பதிவேட்டில் என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதி, தேதியையும் போட்டு, கப்பல் தபாலில் சேர்த்தேன். பெரார்கஞ்ச் பற்றி ஒரு வரி இல்லை.

"போட்டீங்களா?" என்று வள்ளி கேட்டாள். "போட்டேன்" என்றேன். அதுவரையில் உண்மைதான்.

ஒன்றரை மாதம் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு கார்டு. வழக்கமான 'சிரஞ்சீவி வள்ளி சௌக்கியமா' இல்லை. இரண்டே வரி. 'உன் கடிதம் கிடைத்தது. பதிவேட்டில் உடம்பு அடையாளம் எழுதுவார்கள் என்கிறார்களே, இடது கைச் சுண்டுவிரல் பற்றி ஏதும் எழுதியிருக்கிறதா என்று நன்றாகப் பார்த்து எழுதவும்.'

வந்தவருடைய கையை அப்பா பிடித்தாரல்லவா, விரல் இல்லாதது அப்போதே தெரிந்திருக்கும். அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அது அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பதிவேட்டில் அப்படி அடையாளம் இல்லை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று தவிக்கிறார். கொடுத்துவிடுவோமே! அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். 'பார்த்தேன். அப்படி ஓர் அடையாளமும் இல்லை. கைகால் விரல்கள் யாவும் பூரணமாக இருந்ததாக எழுதியிருக்கிறது. தாங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.'

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எனக்கே திருப்தியாக இருந்தது. நல்ல பிள்ளை நான் என்று நினைத்துக்கொண்டு காபி கேட்டேன்.

அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து கடிதமே வரவில்லை. அண்ணன் எழுதுவான், 'அப்பா சுகம்' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவான். தள்ளாமை, எழுத முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

7

தந்தி வந்தது கப்பல் போன மறுநாள். அடுத்த கப்பல் பதினொரு நாள் கழித்து. ஜெட்டியில் போய் நின்று பார்த்தேன், என்ன பிரயோஜனம், தண்ணீரில் நடந்தா போக முடியும்? மேல்நாட்டில் இருக்கிறவனுக்குக்கூட ஆகாய விமானம் உண்டு. எனக்கு, நம் தேசத்துக்குள்ளேயே, பதினொரு நாள் காத்திருந்து, நான்கு நாள் கடலில் வாந்தி எடுத்து, ராத்திரி பூரா ரயிலில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேரும்போது காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுடைய புது மருமகள் என்னை அறியாதவள். வாசலில் நின்று, "யாரு வேணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் என்னை வாய்க்கால் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அஞ்சு வெரலும் இருந்துச்சுன்னு எழுதியிருந்தியே, அது நெசமா?"

நான் மதகுக் கட்டையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

"பெரிய தாத்தாவுக்குச் சின்ன வயசுலயே சுண்டுவெரல் கெடையாதுலா. ரெண்டு பேருமா நுங்கு வெட்டயில, அண்ணன் புடிச்சிருக்க, தம்பி போட்ட அருவா பட்டுத் துண்டாயிட்டு. நம்ம தாத்தா வெட்டுன வெட்டு அது. வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

பத்து வயசில் என்னைப் படிக்க மதுரை மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எத்தனையோ விஷயம் எனக்குத் தெரியாது.

"தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா வேற பொய் எழுதியிருப்ப."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வந்தவரு யாருன்னு அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும்ல. கையப் புடிச்சதும் தெரிஞ்சு போச்சு. திரும்பி வந்து தாத்தாட்ட, அவருக்குச் சுண்டுவெரல் இல்லன்னு சொன்னாவளாம். தாத்தா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாவளாம்."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேட்டாவ?"

"அவர எல்லையில விட்டுட்டு வந்தாவளே, அதுக்குப் பொறவு அவரு எங்க போனாரு? சோறு கெடைச்சுதா? எங்கயாவது ரோட்டுல விழுந்து செத்தாரா? அதுலா அப்பாவுக்குத் தெரியணும். வாய் விட்டுக் கேக்க மனசு வரல. நீ முத எழுதுன தேதி பொய்யின்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டு. அந்தத் திதிய அவிய கொடுக்கல. பொறவுதான் சுண்டுவெரலுன்னு ஒரு கார்டு போட்டாவ. 'வந்தவரு யாருன்னு எனக்குத் தெரியும், நீ பயப்படாம சொல்லு'ன்னு அவிய ஒனக்குக் காட்டுறதுக்கு. அத வச்சு நீ புரிஞ்சுக்கிட்டு மிச்சத்தையும் எழுதுவேன்னு நெனச்சாவ."

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. எதிர்க்கரையில் யாரோ மாட்டைக் கழுவத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன் கடுதாசிய நாந்தான் படிச்சுச் சொன்னேன். 'அஞ்சு வெரலும் இருந்துச்சாமா'ன்னு கேட்டாவ. ஆமான்னேன். பொறவு, 'இவன் என்னையும் எல்லையில விட்டுட்டுப் போயிட்டான்'னாவ. அதுக்குப் பொறவு ஒன் பேச்சையே எடுக்கல."

நான் அண்ணனிடம் ராம்சரண் சாச்சாவைப் பற்றிச் சொன்னேன். குடிசை, குழந்தைகள், அச்சா லட்கா, துண்டு, எல்லாம். அவன் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "இத ஒரு கார்டுல எழுத முடியாதாடா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான்.

8

திரும்பி வந்த அன்றைக்கு ஜெட்டியில் வள்ளி நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்ததும், "அப்பா, அந்தத் துண்டு விஷயம் படிச்சப்போ தாத்தா என்ன சொன்னாராம்?" என்று கேட்டாள். ஒரு வருஷமாகக் கேட்கக் காத்திருந்தவள்போல இருந்தது. நான் மேட்டைக் காட்டி, மூச்சு வாங்குகிறது, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். இன்னும் பேசவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் என்னிடம் அதிகம் கேட்பதில்லை.

பிஸ்வாஸ் பாபுவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்றைக்குக் கையெழுத்துக்கு வந்த நகல்களை என் மேஜையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் மூலத்தோடு தானே ஒத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

திதிக்கு மறுநாள் சாயங்காலம் அந்தக் கொட்டகைக்குப் போனேன். பதிவேட்டைப் பிரித்து, அப்பா கேட்டபடி நன்றாகப் பார்த்து, தாள் ஒன்றில் எழுதினேன். அனுப்ப ஆள் இல்லாததால் இங்கே போடுகிறேன். வள்ளி எழுத்துக்கூட்டி வாசித்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கார்டு கிடைத்தது. பதிவேட்டில் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல் இல்லை என்று எழுதியிருக்கிறது. தாங்கள் பிடித்துக்கொண்டு போனது அவர் கையைத்தான். அவர் ரோட்டில் விழுந்து சாகவில்லை. இங்கே திரும்பி வந்து பதினான்கு வருஷம் இருந்தார். சோறு இருந்தது. சுற்றிலும் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களிடம் தங்களைப் பற்றி நல்ல பையன் என்று சொல்லியிருக்கிறார். துண்டைக் கடைசி வரை வைத்திருந்தார்.

இது உண்மை நகல்.